நிற்பவரைத் தொடக் கூடாது

காற்றை விற்றுப் பிழைத்த ஒரு மனிதர், மூச்சு விடக் கற்றுக்கொள்ளப் போய் முடிந்துபோன கதை இது. சிரிப்பு வருகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பிறகு அதற்கு இடம் கிடைக்காது.

லாரிகள் வரிசையாக நிற்கும் பெரிய சாலையோரத்தில் அவருடைய டயர் கடை. முன்னால் தகரக் கூரை, பின்னால் இரண்டு அறை வீடு. நடுவே கம்ப்ரசர் பகல் முழுக்கத் தடதடத்துக்கொண்டிருக்கும். அது நின்றால்தான் வீட்டில் இருப்பவர்களுக்குத் திடுக்கென்று இருக்கும். ஓட்டுநர்கள் அவரைக் காத்துக்காரர் என்பார்கள். அவர் மனைவி பஞ்சரக்கா. தலை நரைத்த ஓட்டுநர்கள்கூட அவளிடம், "பஞ்சரக்கா, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்று குழைவார்கள்.

அவள் வேலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழைவு புரியும். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கித் திருப்பிக்கொண்டே வருவாள். குமிழி கிளம்பும் இடத்தில் கட்டைவிரல் போய் உட்கார்ந்துவிடும். துடைத்து, ராவி, பசை தடவி, அது காய்கிறவரைக்கும் பொறுத்திருந்து ஒட்டுப் போடுவாள். பொறுக்காமல் ஒட்டினால் இரண்டு ஊர் தாண்டுவதற்குள் பிய்த்துக்கொள்ளும். அந்த வேலையில் அவள் உள்ளங்கை ரேகைகளில் கறுப்பு ஏறி, எந்தச் சோப்புக்கும் மசியாமல் தங்கிவிட்டது.

"இந்தக் கையால பிசைஞ்சதை மனுஷங்க வாயில வைக்க முடியுமா?" என்று நாத்தனார் ஒருநாள் முகம் சுளித்தாள். அன்றிலிருந்து சமையலறை நாத்தனார் கைக்குப் போயிற்று. நாத்தனார் என்றால் காத்துக்காரருக்கு மூத்தவள், புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள் என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது எல்லோருக்கும் நினைவுபடுத்துவாள். அவள் விட்டுக்கொடுத்தது காலை டீ ஒன்றை மட்டும்தான். அதுவும் பெருந்தன்மையால் இல்லை, எழுந்திருக்க நேரமாகும் என்பதால்.

காத்துக்காரர் ஒரு காலத்தில் லாரிச் சக்கரத்தைத் தனியாளாகத் தூக்கி மாட்டியவர். சாலையே வேடிக்கை பார்க்கும். ஒரு மத்தியானம், தார் உருகிச் செருப்பில் ஒட்டும் வெயிலில், சக்கரத்தைப் பாதி தூக்கியவர் அப்படியே கீழே விட்டுவிட்டு ரிம்மின் மேல் உட்கார்ந்தார். கையில் இருந்த காற்றுக் குழாய் சீறிக்கொண்டே கிடந்தது. முகம் சாம்பல் பூத்துப்போயிற்று. உதட்டைச் சுற்றி ஒரு நீலம். இடது கைவிரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. அந்த முகத்தைப் பஞ்சரக்கா நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். பின்னால் அது அவளுக்கு உதவியிருக்க வேண்டும்.

இதயத்துக்குப் போகும் குழாய் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வாழ்நாள் முழுக்க மாத்திரை, கனம் தூக்கவே கூடாது. ஓட்டுநர்களுக்குக் கேலிக்குக் கேட்க வேண்டுமா? "காத்துக்காரருக்கே காத்துப் பத்தலையாம்" என்று வாய்க்கு வாய் ஒரே பேச்சு. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் தன் கடையில் வேறொருவன் சக்கரம் தூக்க, தான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பது அவரை அரித்துத் தின்றது. மாத்திரையைக் கையில் வாங்கும்போதெல்லாம் ஏதோ பிச்சை வாங்குகிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் வந்தார். கப்பலில் சமையல் உதவியாளாக இருந்தவர். தூரத்துத் துறைமுகம் ஒன்றில் சீனக்காரர் ஒருவரிடம் ஒரு மூச்சுப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அதன் பேர் சிகோங். லாரி எடை மேடைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த கிடங்கில் வகுப்பு. நாத்தனார்தான் முதலில் போனாள். முட்டிவலி குறைந்தது, மாடிப்படி ஏறினாள், தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மாஸ்டரை மோசக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதை முதலில் நம்பியவர் அவரேதான். அப்படிப்பட்டவர்களிடம் தப்புவது இன்னும் கஷ்டம்.

கிடங்குத் தரையில் ஆளுக்கொரு சாக்பீஸ் வட்டம். வட்டத்துக்குள் முழங்காலைச் சற்றே மடக்கி, கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, இரண்டு கைகளாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்ததுபோல் நிற்க வேண்டும். மூச்சைத் தொப்புளுக்குக் கீழே இறக்க வேண்டும். அங்கே சேர்ந்து சேர்ந்து அது சக்தியாகுமாம். நோய் போகும், மனசு சமநிலைக்கு வரும், கடைசியில் உடம்பே கவசமாகி அடித்தாலும் உறைக்காமல் போகும். இதெல்லாம் இருக்கட்டும். கிடங்கில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. நிற்பவரைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. அவராகக் கண்ணைத் திறந்து கையை இறக்குகிறவரைக்கும் பக்கத்தில் இருப்பவர் வாயையும் கையையும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறங்கும் மூச்சைப் பாதியில் கலைத்தால் அது வழியில் சிக்கிக்கொள்ளும் என்றார் மாஸ்டர். உடம்பு நடுங்கினால் நல்லது. வேர்த்தால் மிக நல்லது. கண்ணீர் வந்தால், நிறம் மாறினால், உள்ளே இருக்கிற குப்பை வெளியேறுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது மாதம் காத்துக்காரர் மாத்திரை அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டார். "மூச்சு பார்த்துக்கும்" என்றார். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

பஞ்சரக்கா வாதாடிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அவள் வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. கூடையிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்து, பழைய வால்வுகள் போட்டு வைக்கிற டப்பாவுக்கு அடியில் ஒளித்தாள். மறுநாளிலிருந்து மாத்திரையைக் கரண்டி முதுகால் பொடித்து அவருடைய காலை டீயில் கலக்கினாள். கசப்பு தெரியாமல் இருக்கச் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டாள். அட்டை தீர்ந்தபோது, பசை டப்பா வாங்கப் போகிற சாக்கில் மருந்துக் கடைக்கும் போய்வந்தாள்.

காத்துக்காரர் தேறினார். முகத்தில் ரத்தம் ஊறியது, நடை நிமிர்ந்தது. கிடங்கில் அவர்தான் இப்போது காட்சிப் பொருள். புதிதாக வருகிறவர்களிடம் மாஸ்டர் அவரைத்தான் காட்டுவார். டாக்டர் கைவிட்டவர் என்று கதை நீண்டது. டாக்டர் எங்கே கைவிட்டார்? இவர்தான் டாக்டரைக் கைவிட்டார். பஞ்சரக்கா அடுத்த டியூபை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள். அந்தப் பெருமையில் அவளுக்குப் பங்கு வேண்டாம், அவர் நடமாடினால் போதும். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இடையில் ஒருநாள் அந்தத் தப்பு நடந்தது. காலையில் காத்துக்காரர் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் மரம் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கம்ப்ரசரின் முள் சிவப்பைத் தாண்டி ஏறியது. அதிகப்படிக் காற்றைத் தானாக வெளியே விட வேண்டிய வால்வு அடைத்துக்கொண்டிருந்தது. பஞ்சரக்கா ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். நிறுத்திய கையோடு அவர் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினாள். அவர் அதிர்ந்து கண்ணைத் திறந்தார். மதியம் ஒருமுறை வாந்தி எடுத்தார். முந்தின நாள் மிச்சம் வைத்திருந்த பழைய கறியைத் தின்றதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நீ தொட்டதுதான்" என்றாள் நாத்தனார். "அவ்வளவு நாளாச் சேர்த்து வெச்சதை ஒரே இழுப்புல உடைச்சிட்டே."

"அண்ணி, கம்ப்ரசர் வெடிச்சிருக்கும்."

"வெடிக்கலையே."

அன்று சாயங்காலம் பஞ்சரக்காவைக் கிடங்குக்கு அழைத்துப்போனார்கள். எல்லோரும் அவரவர் வட்டத்தில் நின்றிருக்க, நடுவே நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார் காத்துக்காரர். கேட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாத மன்னிப்பு. தையற்காரர் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் அவள் கையின் கறுப்பைப் பார்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காத்துக்காரர் நடந்துகொண்டே சொன்னார்.

"இன்னொரு தடவை நான் நிக்கிறப்போ கை வெச்சேன்னா, அப்புறம் இந்த வீட்டுல உனக்கு வேலை இல்லை. உன் அண்ணன் வீட்டைப் பார்த்துப் போயிக்கிட்டே இரு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணன் வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வகுப்பு தொடங்கி ஒரு வருஷம் நிறைகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்சி நடத்துவதென்று முடிவாயிற்று. மூச்சு கவசமாகும் என்பதை ஊருக்கு நிரூபிக்க வேண்டும். மாஸ்டர் மனதில் இருந்தது ஒரு மரப்பலகை, மெதுவாக இரண்டு தட்டு, கைதட்டல், அவ்வளவுதான். காத்துக்காரருக்கு அது பற்றவில்லை. சாய்வுப் பலகையில் காற்றடித்த லாரிச் சக்கரத்தை உருட்டிவிடுங்கள், வயிற்றில் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கேலி பேசிய ஓட்டுநர்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்பது உள்ளே இருந்த கணக்கு. மாஸ்டர் தயங்கினார். பிறகு, கூட்டம் வரும் என்று யாரோ சொன்னதும் தயக்கம் கரைந்துபோயிற்று.

காட்சிக்கு முந்தைய மாதம் டீ, காபி எதுவும் உடம்பில் சேரக் கூடாது, வெந்நீர்தான் என்றார் மாஸ்டர். சொன்னதுதான் தாமதம், நாத்தனார் டீத்தூள் டப்பாவைத் தூக்கிக் கொட்டினாள். அதோடு விட்டாளா? தம்பிக்கு வெந்நீர் வைக்க வேண்டும் என்று விடிவதற்குள் எழுந்துகொள்ள ஆரம்பித்தாள். பஞ்சரக்காவின் கையில் மிச்சமிருந்த அந்த ஒரு தம்ளரும் போயிற்று.

ஒருநாள் எப்படியோ வெந்நீரில் பொடியைக் கலந்து கொடுத்தாள். தம்ளரின் அடியில் வெள்ளையாகத் தங்கிவிட்டது. "என்னது இது? தம்ளரைக் கழுவக்கூடத் தெரியாதா?" என்று கொட்டிவிட்டார் காத்துக்காரர். குழம்பில் கலக்கலாமென்றால் அடுப்படியில் நாத்தனார். நாள் போகப் போக அவர் படியேறும்போது நின்று நின்று ஏறினார். சட்டைப் பொத்தானைப் போடும்போது இடது கையை உதறிக்கொண்டார். கேட்டால், சக்தி கைக்கு இறங்குகிறது என்றார்.

காட்சிக்கு முந்தின நாள் காலை, வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் போனாள்.

"ஏங்க, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க தேறினதே..."

அவர் கையை உயர்த்தினார். "நாளைக்கு முடிஞ்சதும் சொல்லு. நீ வாயைத் திறந்தாலே எனக்கு மூச்சு கலையுது."

அவள் திரும்பிக் கடைக்குள் போனாள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம் எத்தனையோ தடவை யோசித்தாள். அடித்திருப்பார், துரத்தியிருப்பார். ஆனால் அடிப்பதற்கும் துரத்துவதற்கும் ஆள் இருந்திருப்பார்.

அவளால் முடிந்த கடைசிக் காரியம் ஒன்றைச் செய்தாள். உருட்ட வேண்டிய சக்கரத்துக்குக் காற்று அடிக்கும் பொறுப்பு அவளுடையது. பாதிக் காற்றோடு நிறுத்திவிட்டாள். தொளதொளத்த டயர் வயிற்றில் பட்டால் தலையணை பட்ட மாதிரிதான் இருக்கும்.

கிடங்கு நிரம்பி வழிந்தது. ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், எடை மேடை ஆட்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள். காத்துக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார். நேராகச் சக்கரத்தின் பக்கம் போய், வழக்கமாக ஓட்டுநர்கள் செய்வதுபோல இரும்புக் கம்பியால் அதை ஒரு தட்டு தட்டினார். சத்தம் மந்தமாக வந்தது. அந்தச் சத்தத்தில்தானே அவர் வாழ்நாளெல்லாம் சாப்பிட்டார்? நிமிர்ந்து கூட்டத்துக்குள் அவளைத் தேடிப் பிடித்தார்.

"பார்த்தீங்களா? என் பொண்டாட்டிக்கே என் மேல நம்பிக்கை இல்லை."

கூட்டம் சிரித்தது. நாத்தனார் சிரிக்கவில்லை, முறைத்தாள். "வந்து அடி. முழுசா அடி" என்றார் அவர். பஞ்சரக்கா வெளியே நின்ற ஒரு லாரியின் காற்றுத் தொட்டியிலிருந்து குழாயை இழுத்து வந்து, எல்லோரும் பார்க்க, தன் கையாலேயே சக்கரத்துக்குக் காற்றடித்தாள். இந்த முறை கம்பி பட்டதும் கணீரென்றது.

இரண்டு ஓட்டுநர்கள் சக்கரத்தைப் பலகையின் உச்சியில் பிடித்துக்கொண்டார்கள். காத்துக்காரர் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, மூச்சை இறக்கி நின்றார். விட்டார்கள். சக்கரம் உருண்டு வந்து வயிற்றில் மோதிய சத்தம், மாவு மூட்டையை மாடியிலிருந்து போட்ட சத்தம். அவர் அரையடி பின்னால் போனார். விழவில்லை. சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து சுற்றிச் சுற்றி அடங்கியது. கிடங்கின் தகரம் அதிரக் கைதட்டினார்கள். கேலி பேசிய ஓட்டுநர்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். அவர் அதைக் கேட்டார். அந்த மட்டில் அவருக்கு வேண்டியது கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு, வாங்கிய அடியைக் கரைப்பதற்காக, கண்ணை மூடி மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார். கூட்டம் அடங்கியது. பஞ்சரக்கா கையில் துண்டோடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். அது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

முதலில் வேர்த்தது. வேர்வை நெற்றியிலிருந்து மூக்கு வழியாகச் சொட்டியது. பிறகு இடது கைவிரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. பிறகு முகத்தில் சாம்பல் பூத்தது. உதட்டைச் சுற்றி அந்த நீலம். ரிம்மின் மேல் உட்கார்ந்த அந்த மத்தியானத்து முகம் அப்படியே அவள் கண்ணெதிரே திரும்பி வந்தது.

"நடுங்குது பாருங்க" என்று மாஸ்டர் தணிந்த குரலில் கூட்டத்துக்குச் சொன்னார். "நிறம் மாறுது பாருங்க. உள்ளே இருக்கிறது எல்லாம் வெளியே வருது. யாரும் சத்தம் போடாதீங்க."

பஞ்சரக்கா ஒரு காலை எடுத்து வைத்தாள். மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. நாத்தனார்.

"அண்ணி, அவர் முகத்தைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்குக் கெடுத்தது போதாதா? பேசாம நில்லு."

உதறியிருக்கலாம். தினமும் டயர் இழுக்கிற கை, நாத்தனாரின் பிடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவளைப் பிடித்து வைத்தது அந்தப் பிடி இல்லை. நடுவே நின்று கேட்ட மன்னிப்பு, அண்ணன் வீட்டு வாசல், சற்று முன் கூட்டம் சிரித்த சிரிப்பு, எல்லாம் சேர்ந்து அவள் காலைத் தரையோடு ஒட்டிவிட்டது. ஒருவேளை மாஸ்டர் சொல்வதுதான் நிஜமோ என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். அதைத்தான் அவளால் பின்னால் ஜீரணிக்க முடியவில்லை.

காத்துக்காரரின் கண் திறந்தது. மாஸ்டரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை. துண்டோடு நின்றவளைத்தான் பார்த்தார். வாய் ஏதோ சொல்லப் போவதுபோல அசைந்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, கைகள் மரத்தைப் பிடித்தபடியே இருக்க, முழங்கால் மடிந்து உட்கார்ந்து, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

நிகழ்ச்சி முடிந்து வணங்குகிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. வெகுநேரம் தட்டியது.

வீட்டில் எல்லாம் முடிந்து, துக்கம் கேட்க ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் மாஸ்டர் வந்தார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். அவர் அழுதது நடிப்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஞ்சரக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பக்கத்துலதானேம்மா நின்னீங்க? அவருக்கு நெஞ்சுவலி வந்தா முகம் எப்படிப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே. தொட்டிருக்கலாமே."

பதில் சொன்னது நாத்தனார்.

"அவளை ஏன் கேக்குறீங்க மாஸ்டர்? அன்னைக்கு அவ தொட்டு உடைச்சதுதான். அது வழியில சிக்கி இன்னைக்கு வேலையைக் காட்டிருச்சு. என் தம்பி நின்னபடியே போனான். அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

தொட்டதும் தப்பு, தொடாததும் தப்பு. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே அறையில், அவளுக்கு முன்னாலேயே சொன்னார்கள். வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். பஞ்சரக்கா எழுந்து கடைக்குப் போய் ஒரு டியூபை எடுத்துத் தொட்டியில் அமுக்கினாள்.

வகுப்பு நின்றுவிடவில்லை. நின்றபடியே போனவரின் கதை பரவி, புதிதாக நாலு பேர் சேர்ந்தார்கள். அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் பஞ்சரக்கா கையைக்கூடக் கழுவாமல் கிடங்குக்கு நடந்தாள். எல்லோரும் அவரவர் வட்டத்தில் கண்ணை மூடி நின்றிருந்தார்கள். முன்வரிசையில் காத்துக்காரரின் வட்டத்தில் நாத்தனார் நின்றாள். தம்பியின் இடம் தனக்குத்தான் என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

பஞ்சரக்கா அவள் காதருகே குனிந்தாள். தலைமுடிகூடப் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்க தம்பி தேறினது மூச்சால இல்லை. தூக்கிப் போட்ட மாத்திரையைத் தினமும் டீயில கரைச்சுக் குடுத்தேன். நீங்க டீயை நிறுத்தினீங்க. அவ்வளவுதான்."

நாத்தனாரின் இமைகள் துடித்தன. திறக்கவில்லை. திறந்தால் கேட்டதாக ஆகிவிடும். முதலில் விரல்கள் நடுங்கின, பிறகு கைகள், பிறகு முழங்கால். நெற்றி வேர்த்தது. மூடிய கண்களிலிருந்து கண்ணீர் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. பக்கத்து வட்டத்தில் இருந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் பயபக்தியோடு மூடிக்கொண்டார்.

மாஸ்டர் பூனை நடையில் வந்தார். முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"தள்ளி வாங்கம்மா" என்று கிசுகிசுத்தார். "அக்காவுக்கு இறங்குது. தொட்டுறாதீங்க."

"தொடலை மாஸ்டர்" என்றாள் பஞ்சரக்கா. "நான் தொடவே இல்லை."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, அண்ணி எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்க்க அங்கேயே நின்றாள்.